பெயரன் கப்பல்கள்



'பேரன்' என்று நாம் வழங்கும் சொல்லின் முழு வடிவம் 'பெயரன்' என்பதாகும். பாட்டனாரின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். பாட்டியாரின் பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. உறவின் பெயரிலேயே பெயரின் உறவை வைத்துவிட்டார்கள் நம் முன்னோர். நம் இல்லங்களிலும் இவ்வழக்கம் வேரூன்றியதே. பிள்ளை பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுத்து, தலைமுடி களைந்து, பெயர் சூட்டும்போது, "வாப்பாவின் பெயரை வையுங்கள்", "பெரியம்மாவின் பெயர் மறைந்துவிடக் கூடாது" என்று நாலாபுறமிருந்தும் குரல்கள் எழுகின்றன அல்லவா? மறைந்த ஒருவர் மீண்டும் வீட்டுக்குள் அழைக்கப்படுவது போன்ற ஒரு நிறைவு அப்போது எல்லோர் உள்ளத்திலும் உண்டாகிறது.

இதே வழக்கம் கடலிலும் இருக்கிறது. ஒரு போர்க்கப்பல் மூழ்கிப்போனாலும், முதுமையடைந்து உடைக்கப்பட்டாலும், அதன் பெயரை மட்டும் எடுத்து வைத்திருந்து, பின்னொரு நாளில் புதிய கப்பலுக்குச் சூட்டுகிறார்கள். இப்படி நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து வரும் பெயர்கள் உண்டு. கடற்கரையிலிருந்து வெகு தொலைவில், அமராவதிப் பாசனப் பகுதியை அடுத்த வறண்ட மண்ணில் அமைந்திருக்கும் நம் குண்டடத்திற்கும் போர்க்கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். இப்பகுதியின் பனியன் கம்பெனிகளில் தைக்கப்படும் ஆடைகள் பெட்டிபெட்டியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சென்று கப்பலேறுவதை நாம் அறிவோம். அதைவிட நெருக்கமான தொடர்பு ஒன்றும் இருக்கிறது. ஒரு போர்க்கப்பலின் பெயர் நம் வீட்டு வசைமொழியாகவே நிலைத்துவிட்டது. எவருக்கும் பிடிகொடுக்காத கெட்டிக்காரனையும், வீட்டை ஆட்டிப்படைக்கும் கண்டிப்பான தகப்பனாரையும் "அவன் பெரிய எம்டன்" என்று சொல்கிறோமே, அந்த எம்டன் ஒரு கப்பல்.

சென்னையை நடுங்கவைத்த இரவு

எம்டன் என்பது ஜெர்மனியின் வடமேற்குக் கோடியில் உள்ள ஒரு துறைமுக நகரம். அந்நகரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் 1909ஆம் ஆண்டு ஜெர்மானியக் கடற்படையில் சேர்ந்தது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது சீனக் கடற்கரையிலிருந்து புறப்பட்டு, கார்ல் ஃபான் மியூலர் என்னும் தளபதியின் தலைமையில் தன்னந்தனியாக இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. வங்கக் கடலில் ஆங்கிலேய வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து மூழ்கடித்தது. அப்படிப் பிடித்த கப்பல்களில் இருந்த மாலுமிகளை முதலில் பாதுகாப்பாக இறக்கிவிட்ட பிறகே கப்பலை அழிப்பது மியூலரின் வழக்கம். எதிரி நாட்டுப் பத்திரிகைகளும் அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டி எழுதின.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஏறத்தாழ ஒன்பதரை மணிக்கு எம்டன் சென்னைத் துறைமுகத்தின் முன் தோன்றியது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. சுமார் 125 குண்டுகள் வீசப்பட்டன. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றும் தாக்கப்பட்டது, சிலர் உயிரிழந்தனர். சற்று நேரத்திற்குள் விளக்குகளை அணைத்துக்கொண்டு எம்டன் இருளில் மறைந்தது. அடுத்து வந்த நாட்களில் சென்னைவாசிகள் பல்லாயிரவர் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு வெளியேறினர். உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் பதித்துள்ள கல்வெட்டு அந்த இரவை இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

ஓடிப்போன கூட்டத்தோடு அந்தப் பெயரும் ஊர் ஊராகப் பரவியிருக்க வேண்டும். கப்பலைக் கண்ணால் காணாதவர்கள், கடலையே காணாதவர்கள் வாயிலும் 'எம்டன்' புகுந்தது. மலையாள நாட்டில் மிகப் பெரியதான பொருளைக் குறிக்கும் 'எமண்டன்' என்னும் சொல்லும் இதிலிருந்தே பிறந்தது என்பர். 2006இல் 'எம்டன் மகன்' என்று பெயரிடப்பட்ட ஒரு திரைப்படம், தமிழ்ப் பெயருக்கு உரிய வரிவிலக்கைப் பெறும் பொருட்டு 'எம் மகன்' என்று மாற்றப்பட்டது. அரசின் கணக்கில் எம்டன் அயற்சொல்; மக்களின் கணக்கிலோ அது தொண்ணூறு ஆண்டுகளாகப் புழங்கிய தமிழ்ச் சொல்!

'ஆயிஷா' என்றொரு சிறு கப்பல்

சென்னையை விட்டகன்ற எம்டன் மினிக்காய்த் தீவை ஒட்டிய கடல்வழியில் மேலும் பல கப்பல்களைப் பிடித்தது. அக்டோபர் மாதத்தில் டீகோ கார்சியா தீவில் நங்கூரமிட்டபோது, உலகப்போர் தொடங்கிவிட்ட செய்தியே அத்தீவினருக்கு எட்டியிருக்கவில்லை. எம்டன் மாலுமிகளை அவர்கள் விருந்தினராக வரவேற்று உணவுப்பொருள்களை வழங்கினர். பிறகு அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில், போலியான நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொருத்தி ஆங்கிலேயக் கப்பல்போல் வேடமிட்டுப் பினாங்குத் துறைமுகத்திற்குள் நுழைந்தது. அங்கே நின்றிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் அழித்தது. நம் சமுதாயத்து வணிகர் பலர் கடை வைத்து வாழ்ந்த அந்தப் பினாங்கின் மண்ணில், அன்று மாண்ட ரஷ்ய மாலுமிகளின் கல்லறைகள் இருக்கின்றன.

எம்டனின் முடிவு நவம்பர் 9ஆம் நாள் வந்தது. கொக்கோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை அழிப்பதற்காக ஐம்பது பேரைக் கரையிறக்கியிருந்த வேளையில், ஆஸ்திரேலியக் கடற்படையின் 'சிட்னி' என்னும் போர்க்கப்பல் அங்கே விரைந்து வந்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. எம்டன் உருக்குலைந்தது. மியூலர் அதைப் பவளப்பாறையின்மேல் ஏற்றி நிறுத்தினார். எம்டனில் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர், சிட்னியில் நால்வர்.

கரையிறங்கியிருந்த ஐம்பது பேர் தங்கள் கப்பல் அழிவதைக் கரையிலிருந்தே பார்க்கும்படி நேர்ந்தது. அவர்களின் தலைவர் ஹெல்முத் ஃபான் மியூக்கே மனந்தளரவில்லை. அங்கு நின்ற மூன்று பாய்மரங்களைக் கொண்ட ஒரு சிறு கப்பலைக் கைப்பற்றிக்கொண்டு புறப்பட்டார். அக்கப்பலின் பெயர் 'ஆயிஷா'! நம் வீடுகளில் செல்லமாக அழைக்கப்படும் அதே பெயர். ஆயிஷா அவர்களைச் சுமத்ராவின் பாடாங் துறைமுகம் வரை கொண்டு சேர்த்தது. பின் வேறொரு கப்பலுக்கு மாறி, 1915 ஜனவரியில் துருக்கியப் பேரரசின் ஆட்சியில் இருந்த ஏமன் நாட்டின் ஹுதைதா அருகே கரையிறங்கினர். அங்கிருந்து வடக்கு நோக்கிச் சென்று, ஜித்தாவுக்கு அருகே பாலைவனத்தில் தாக்குதலுக்குள்ளாகிச் சிலரை இழந்து, அல்-உலாவில் ஹிஜாஸ் இரயிலைப் பிடித்து, 1915 மே மாதம் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தனர். பெருங்கப்பலின் வீரர்களை இக்கட்டிலிருந்து மீட்டது ஒரு சிறு பாய்மரக் கப்பல். மியூக்கே தம் பயணத்தைப் பற்றி எழுதிய நூலுக்கும் 'ஆயிஷா' என்றே பெயரிட்டார்.

எம்டனின் பெயரன்மார்

கப்பல் அழிந்தது, பெயர் அழியவில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1916இல், இரண்டாவது எம்டன் கடலில் இறங்கியது. முதல் கப்பலுக்கு வழங்கப்பட்ட இரும்புச் சிலுவை விருதின் சின்னத்தை அதன் முகப்பில் பொருத்தியிருந்தனர். உயிர் தப்பிய மாலுமிகள் தம் குடும்பப் பெயருடன் 'எம்டன்' என்பதையும் சேர்த்துக்கொள்ளப் பின்னர் அனுமதி வழங்கப்பட்டது. ஆக, ஊரின் பெயர் கப்பலுக்கு வந்து, கப்பலின் பெயர் மனிதர்களுக்குப் போய், அவர்களின் பிள்ளைகள் வழியாக இன்றும் வாழ்கிறது.

1925இல் மூன்றாவது எம்டன் வந்தது. முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனி கட்டிய முதல் பெரிய போர்க்கப்பல் அதுவே. பயிற்சிக் கப்பலாக உலகை வலம் வந்த அது, ஹிட்லரின் ஆட்சி வந்ததும் அவனுடைய கொடியைத் தாங்க நேர்ந்தது. இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1945இல், கீல் துறைமுகம் அருகே அழிந்தது. நான்காவது எம்டன் 1961இல் மேற்கு ஜெர்மனியின் படையில் சேர்ந்தது. 1983இல் அது துருக்கிக்கு வழங்கப்பட்டு 'கெம்லிக்' என்று பெயர் மாறியது. அதே ஆண்டில் ஐந்தாவது எம்டன் வந்து, 2013 வரை பணிபுரிந்தது. இப்போது ஆறாவதாகவும் ஒரு சிறு போர்க்கப்பல் அதே பெயரில் கட்டப்பட்டிருக்கிறது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மியூலரின் பெருந்தன்மையால் புகழ்பெற்ற ஒரு பெயர், இருபது ஆண்டுகளுக்குள் மனிதகுலத்தின் பெரும் பகைவன் ஒருவனின் கொடியின் கீழ் நின்றது. பெயர் அதைத் தடுக்கவில்லை. பெயரால் தடுக்கவும் இயலாது. நல்லவரின் பெயரைச் சூட்டிவிட்டால் நன்மை தானே வந்துவிடும் என்று எண்ணுவோருக்கு மூன்றாவது எம்டன் ஓர் எச்சரிக்கை. மேலும், ஒரே பெயர் ஜெர்மானியருக்கு வீரமாகவும், அன்றைய சென்னைவாசிக்குத் திகிலாகவும், இன்றைய தமிழருக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது. பீரங்கியின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெயரின் பொருளும் மாறிவிடுகிறது.

பெயர் இருந்தது, மனிதரின் பெயர்?

எம்டனை வென்ற சிட்னியின் கதையும் கேட்கத்தக்கது. முதல் சிட்னியின் பாய்மரக் கம்பத்தைச் சிட்னி நகரத்தின் கடலோரத்தில் இன்றும் காணலாம். இரண்டாவது சிட்னி, 1941 நவம்பர் 19ஆம் நாள், வணிகக் கப்பல்போல் வேடமிட்டிருந்த கோர்மோரான் என்னும் ஜெர்மானியக் கப்பலோடு மோதியது. இரண்டு கப்பல்களுமே அழிந்தன. சிட்னியில் இருந்த 645 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அது கிடந்த இடமே 2008 மார்ச் மாதம்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

1942 பிப்ரவரியில், கிறிஸ்துமஸ் தீவின் அருகே ஓர் உயிர்காப்பு மிதவை ஒதுங்கியது. அதில் ஒரு மாலுமியின் உடல் இருந்தது. அவர் யாரென்று அறியாமலே அத்தீவில் அடக்கம் செய்தனர். அதன்பின் மூன்றாவது சிட்னி விமானந்தாங்கிக் கப்பலாக வந்தது. நான்காவது சிட்னி 1983இல் வந்து 2015இல் ஓய்வுபெற்றது. ஐந்தாவது சிட்னி 2020இல் வந்தது. கப்பலின் பெயர் மூன்று முறை புத்துயிர் பெற்றுவிட்டது. அந்த மாலுமி மட்டும் பெயரற்றவராகவே மண்ணுக்குள் கிடந்தார். 2006இல் உடலைத் தோண்டியெடுத்து, மரபணுச் சோதனைகள் பல நடத்தி, 2021 நவம்பரில் ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது: அவர் தாமஸ் வெல்ஸ்பி கிளார்க். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு மனிதருக்கு அவருடைய பெயர் திரும்பக் கிடைத்தது!

கப்பல் இரும்பால் ஆனது. அதன் பெயரைக் காப்பது எளிது; புதிய இரும்பில் மீண்டும் எழுதிவிடலாம். கப்பலோடு போன மனிதரின் பெயரைக் காப்பதற்கோ பொறுமையும், உழைப்பும், மறக்கக் கூடாதென்ற உறுதியும் வேண்டியிருக்கின்றன.

நம் நாட்டுக் கடற்படையில்

இந்தியக் கடற்படையும் பெயர்களைப் போற்றிக் காக்கும் மரபுடையது. 'விக்ராந்த்' அனைவரும் அறிந்ததே. ஆங்கிலேயரிடமிருந்து வாங்கி முடிக்கப்பட்ட முதல் விக்ராந்த் 1961 மார்ச் 4ஆம் நாள் பணியில் சேர்ந்து, 1971 போரில் வங்கக் கடலில் பங்காற்றி, 1997இல் ஓய்வுபெற்றது. சில ஆண்டுகள் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றபின் உடைக்கப்பட்டது. அதன் இரும்பில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிள் செய்வதற்கும் பயன்பட்டது. கொச்சியில் நாமே கட்டிய புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2ஆம் நாள் பணியில் சேர்ந்தது. பழைய கப்பலின் 'ஆர்-11' என்னும் அடையாள எண்ணையே புதியதும் தாங்கியிருக்கிறது.

நீர்மூழ்கிகளிலும் இதே முறைதான். 'கல்வரி' என்பது ஆழ்கடல் சுறாவைக் குறிக்கும் மலையாளச் சொல். முதல் கல்வரி 1967இலும், இரண்டாவது 2017இலும் சேர்ந்தன. கந்தேரி, கரஞ்ச், வேலா, வாகீர், வாக்‌ஷீர் என்று பழைய நீர்மூழ்கிகளின் பெயர்கள் அதன்பின் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துள்ளன.

நமக்கு மேலும் நெருக்கமான பெயர்கள் இலட்சத்தீவுகளுடையவை. அங்கு வாழும் மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கவரத்தி, கில்தான், கத்மத், ஆந்த்ரோத்து ஆகிய சின்னஞ்சிறு தீவுகளின் பெயர்கள் போர்க்கப்பல்களில் பொறிக்கப்பட்டன. முதல் கில்தான், 1971 டிசம்பர் 4ஆம் நாள் இரவு கராச்சித் துறைமுகத் தாக்குதலுக்குச் சென்ற ஏவுகணைப் படகுகளுக்குத் துணையாகப் போன கப்பல்களில் ஒன்று. அப்பழைய கப்பல்கள் ஓய்வுபெற்ற பின், கொல்கத்தாவில் கட்டப்பட்ட புதிய கத்மத் 2016இலும், கில்தான் 2017இலும், கவரத்தி 2020இலும், ஆந்த்ரோத்து 2025இலும் பணியில் சேர்ந்தன. ஒரு சுற்று சுற்றிவர அதிக நேரம் வேண்டாத அளவுக்குச் சிறிய தீவின் பெயர், பெருங்கடலில் நாட்டின் கொடியோடு வலம் வருகிறது. தம் ஊரின் பெயரைச் சுமந்து ஒரு கப்பல் செல்வதை அறியும் தீவுச் சிறுவனின் உள்ளத்தில் எழும் பெருமிதத்தை எண்ணிப் பாருங்கள்.

ஊரின் பெயரே மாறிவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்டு இந்தியக் கடற்படைக்கு வந்த கண்ணிவாரிக் கப்பலுக்கு 'மெட்ராஸ்' என்று பெயர். 2016இல் பணியில் சேர்ந்த பெரும் போர்க்கப்பலின் பெயர் 'சென்னை'. எழுத்து வேறாயினும் ஊர் ஒன்றே.

குக்ரியின் 194 பேர்

இந்தியக் கடற்படையில் மிகுந்த துயரத்தைச் சுமக்கும் பெயர் 'குக்ரி'. 1958இல் பணியில் சேர்ந்த முதல் குக்ரி, 1971 டிசம்பர் 9ஆம் நாள் இரவு தியூ கடற்கரைக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கியால் தாக்குண்டு மூழ்கியது. அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேருமாக 194 பேர் கடலோடு போயினர். தலைவர் மகேந்திரநாத் முல்லா தம் ஆட்களைத் தப்பிக்கச் செய்துவிட்டு, தாம் கப்பலை விட்டு நீங்காமல் அதனோடு மூழ்கினார். அவருக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1989 ஆகஸ்ட் 23ஆம் நாள் மும்பையில் இரண்டாவது குக்ரி பணியில் சேர்ந்தது. அந்நிகழ்ச்சியில் பாதுகாப்பு அமைச்சருடன் மறைந்த கேப்டனின் துணைவியாரும் பங்கேற்றார். கணவரைக் கொண்டுபோன கப்பலின் பெயரை மீண்டும் ஒரு கப்பலின்மேல் காணும்போது அந்த அம்மையாரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! வேதனை ஒருபுறம், அவருடைய பெயரும் கடமையும் வீணாகவில்லை என்னும் ஆறுதல் மறுபுறம். இரண்டும் சேர்ந்ததே அந்தக் கணம்.

இரண்டாவது குக்ரி 32 ஆண்டுகள் உழைத்து 2021 டிசம்பரில் ஓய்வுபெற்றது. உடைத்து விற்றுவிடாமல், 2022 ஜனவரியில் அதனைத் தியூ நிர்வாகத்திடம் நினைவுச்சின்னமாக ஒப்படைத்தனர். பாட்டன் மூழ்கிய கடலின் கரையிலேயே பெயரன் வந்து நிற்கிறான்! கடலுக்கடியில் கிடப்பவர்களுக்குக் கல்லறை இல்லை. அவர்கள் பெயரைத் தாங்கிய கப்பலே அவர்களுக்கு அடையாளம்.

மரைக்காயர் என்னும் மாண்பு

பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்குவதில் நம் சமுதாயத்திற்குச் சிறந்த முன்மாதிரி உண்டு. கோழிக்கோட்டு சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாக விளங்கிய குஞ்ஞாலி மரைக்காயர்களே அவர்கள். 'குஞ்ஞாலி மரைக்காயர்' என்பது ஒரு தனிமனிதரின் பெயராக மட்டும் நிற்கவில்லை. ஒருவர் மறைந்ததும் அடுத்தவர் அப்பெயரையும் பொறுப்பையும் ஒருசேர ஏற்றார். பதினாறாம் நூற்றாண்டு முழுவதும் நால்வர் அப்பெயரில் போர்த்துக்கீசியரை எதிர்த்துக் கடலில் போரிட்டனர். நான்காம் குஞ்ஞாலி 1600இல் சாமூதிரியிடம் சரணடைந்து, போர்த்துக்கீசியரிடம் ஒப்படைக்கப்பட்டு, கோவாவில் கொல்லப்பட்டார். நானூறு ஆண்டுகள் நிறைவுற்ற 2000இல் இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. மும்பைக் கொலாபாவில் உள்ள கடற்படைத் தளம் 'ஐ.என்.எஸ். குஞ்ஞாலி' என்றே வழங்கப்படுகிறது.

கரையில் உள்ள தளத்திற்கு எப்படிக் கப்பலின் பெயர் என்று கேட்கலாம். கடற்படையில் கரைத்தளத்தையும் கப்பலாகவே கருதிப் பெயரிடுவது மரபு. நம் கோயம்புத்தூரிலேயே 'ஐ.என்.எஸ். அக்ரணி' என்னும் பயிற்சித்தளம் இருக்கிறது. ஆகவே கொங்கு நாட்டிலும் ஒரு 'கப்பல்' நிற்கிறது என்றால் மிகையாகாது!

துருக்கியரும் இவ்வாறே தம் கடற்படைத் தளபதி பார்பரோஸ் ஹைருத்தீன் பாஷாவின் பெயரைக் காத்துவருகின்றனர். 1538இல் ப்ரெவெஸா கடற்போரில் வென்று 1546இல் மறைந்தவர் அவர். ஜெர்மனியிடமிருந்து 1910இல் வாங்கிய பெருங்கப்பலுக்கு அவருடைய பெயரைச் சூட்டினர். 1915 ஆகஸ்டில் அதனை ஓர் ஆங்கிலேய நீர்மூழ்கி மூழ்கடித்தது. எனினும் பெயர் மூழ்கவில்லை. 1990களில் வந்த போர்க்கப்பல் ஒன்றும் பார்பரோஸ் என்றே பெயர்பெற்றது.

பெயரோடு வரும் கணக்கு

பழைய பெயரைப் புதிய கப்பலுக்குச் சூட்டுவது வெறும் அலங்காரத்திற்கா? இல்லை. ஆங்கிலேயக் கடற்படையில் ஒரு கப்பல் பெற்ற போர்ச்சிறப்புகள் அதே பெயரில் பின்வரும் கப்பல்களுக்கும் உரியவை. அவற்றை ஒரு பலகையில் எழுதி, புதிய கப்பலில் எல்லோர் பார்வையிலும் படும்படி மாட்டிவைப்பர். 1587இல் முதன்முதல் சூட்டப்பட்ட 'ஆர்க் ராயல்' என்னும் பெயரை 2011 வரை ஐந்து கப்பல்கள் தாங்கின. ஐந்தாவது கப்பலில் புதிதாகச் சேர்ந்த இளம் மாலுமியும் நானூறு ஆண்டு வரலாற்றை நாள்தோறும் கண்முன் கண்டான். "உனக்கு முன் இப்பெயரில் இருந்தவர்கள் இப்படி வாழ்ந்தார்கள், நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று அந்தப் பலகை அவனைக் கேட்டுக்கொண்டேயிருந்தது.

நம் வீடுகளில் அந்தப் பலகை எங்கே இருக்கிறது? பாட்டனாரின் பெயரை மகனுக்குச் சூட்டுகிறோம். அந்தப் பாட்டனார் எந்த ஊரிலிருந்து இங்கு வந்து குடியேறினார், எந்தத் தொழிலைச் செய்து பிள்ளைகளைக் காத்தார், எந்தப் பஞ்சத்தில் யாருக்கு உதவினார், எந்தக் கடனைத் தீர்க்க எதை விற்றார் என்று அந்தச் சிறுவனிடம் கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வார்கள்? பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, பெயருக்குரிய கதையைக் கொடுக்க மறந்துவிடுகிறோம். பெண்களின் நிலையோ இதைவிடப் பரிதாபம். "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாயார்" என்றே அழைக்கப்பட்டு, இயற்பெயர் என்னவென்று பேரப்பிள்ளைகளுக்கே தெரியாமல் மறைந்த மூதாட்டியர் எத்தனை பேர்! தாம் ஈட்டிய கூலியில் குடும்பத்தை நிமிர்த்திய அவர்களும் பெயரற்ற மாலுமிகளே அல்லவா?

பிள்ளைக்கு நல்ல பெயர் சூட்டுவது பெற்றோரின் கடமை என்று மார்க்கம் நமக்குக் கற்பிக்கிறது. பெயர் சூட்டியதோடு அக்கடமை முடிந்துவிடாது. அப்பெயரை நல்லபடியாகத் தாங்கும் வகையை அறியச் செய்வதும் அதன் பகுதியே. அதற்கு மரபணுச் சோதனையோ, ஆழ்கடல் தேடலோ நமக்குத் தேவையில்லை. விவரம் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகமும் ஒரு மாலைப்பொழுதும் போதும். வீட்டிலுள்ள முதியவரை உட்காரவைத்து, அவருக்கு நினைவுள்ள தலைமுறை வரை ஆண், பெண் அனைவரின் பெயரையும், ஒவ்வொருவரையும் பற்றி ஒரு செய்தியையும் எழுதச் சொல்லி, அந்தப் பொறுப்பைப் பெயரனிடமே ஒப்படையுங்கள். நன்மையோடு குறைகளையும் எழுதட்டும். மூன்றாவது எம்டனையும் மறைக்காமல் வரிசையில் வைப்பதுதானே வரலாறு? விடுமுறை நாளில் இதைத் தொடங்கினால், அடுத்த அகீகாவில் "யார் பெயரை வைக்கலாம்?" என்ற கேள்வி எழும்போது, "ஏன் அவர் பெயரை வைக்க வேண்டும்?" என்பதற்கும் அந்த நோட்டுப் புத்தகத்தில் விடை இருக்கும்.